ஓட்டு போட்டு என்ன ஆகப்போகுதுன்னு கேக்கறவங்களுக்கு: கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் அடிக்கடி வர்ற கேள்விகள்

கேரளா பாலக்காடு ஜில்லாவுல, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின சித்தூர் தாலுகாவுல கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி பக்கம் ஓட்டர் லிஸ்ட்ல பேரு சேக்க, திருத்த ஃபாரம் எழுதிக் கொடுக்கற வேலை ரொம்ப வருஷமா பண்ணிட்டு இருக்கேன். ஃபாரம் எழுதி முடிச்சதும் யாரும் எந்திரிச்சுப் போறதில்ல, ஒரு சந்தேகத்தைக் கேட்டுட்டுத்தான் போவாங்க, அதுவும் பாதிப்பேரு கேக்கறது ஒண்ணேதான். கேரளாவுல 2019 பார்லிமெண்ட் தேர்தல்ல 77 சதவீதத்துக்கு மேல ஓட்டு விழுந்துச்சு, 2024ல அது 71 சதவீதம் சொச்சத்துக்கு இறங்கிடுச்சு. அதுக்குக் காரணம் வெயிலும் வேலையும் மட்டும்னு எனக்குத் தோணல, இந்தச் சந்தேகங்களுக்கு யாரும் உக்காந்து பதில் சொல்லாததும் ஒரு காரணம். அதான் கேட்டது கேட்டபடியே எழுதி வெச்சிருக்கேன்.

என் ஒரு ஓட்டு போடாட்டி என்னக்கா குறைஞ்சு போயிரும்?

2016ல வடக்காஞ்சேரி தொகுதி முடிவானது 43 ஓட்டு வித்தியாசத்துல. அதே வருஷம் காசர்கோடு மஞ்சேஸ்வரத்துல 89 ஓட்டு. 2021ல பெரிந்தல்மண்ணையில 38 ஓட்டு. இதெல்லாம் எம்எல்ஏ தேர்தல், லட்சத்துக்கு மேல ஓட்டு விழற இடம். பஞ்சாயத்து வார்டுன்னா கேக்கவே வேண்டாம், சரிசமமா வந்து சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு பண்றதெல்லாம் நடக்கும்.

இன்னொண்ணு இருக்கு, அதை யாரும் சொல்றதில்ல. ஓட்டு எண்ணும்போது பூத் பூத்தாத்தான் கணக்கு வரும், எந்த பூத்துல எத்தனை விழுந்துச்சுன்னு எல்லாக் கட்சிக்கும் தெரியும். தமிழாளுங்க அதிகமா இருக்கற ஒரு பூத்துல பாதிப்பேரு வரலைன்னா அடுத்த அஞ்சு வருஷம் அந்தப் பக்கம் ரோடு போடலைன்னாலும் தனக்கு நஷ்டம் இல்லைன்னு கட்சிக்காரங்க கணக்குப் போட்டுருவாங்க. நீங்க யாருக்குப் போடறீங்கங்கறது அப்பறம், முதல்ல அந்தக் கணக்குல நீங்க இருக்கணும்.

வோட்டர் கார்டு கையில இருக்குதே, அது போதாதுங்களா?

போதாதுங்க. கார்டு நீங்க யாருன்னு காட்டறதுக்கு மட்டும்தான், ஓட்டு போட விடறது லிஸ்ட்ல இருக்கற பேரு. கார்டு தொலைஞ்சிருந்தாக்கூட ஆதார், லைசன்ஸ், பாஸ்போர்ட், தொழிலுறப்பு (நூறு நாள் வேலை) கார்டு, போட்டோ ஒட்டின பேங்க் பாஸ்புக் இப்படி எதையாவது காட்டிப் போடலாம். லிஸ்ட்ல பேரு இல்லைன்னா எதைக் காட்டினாலும் போட முடியாது.

2025 கடைசியில கேரளாவுலயும் தமிழ்நாட்டுலயும் ஒரே சமயத்துல தீவிரத் திருத்தம்னு வீடு வீடா ஃபாரம் கொடுத்து லிஸ்ட்டை மறுபடி எழுதினாங்க. அதனால போன தடவை போட்டேன், இந்தத் தடவையும் இருக்கும்னு நினைச்சுட்டு இருக்காதீங்க. 1950க்கு ஃபோன் பண்ணலாம், தேர்தல் கமிஷன் வெப்சைட்ல பாக்கலாம், இல்ல உங்க பூத்துக்கு லிஸ்ட் பாக்கற ஆபீசர், பிஎல்ஓம்பாங்க, அவருகிட்ட நேரா கேக்கலாம். பேரு இல்லைன்னா ஃபாரம் 6. தப்பு இருந்தாலோ வீடு மாறியிருந்தாலோ ஃபாரம் 8. செத்துப்போனவங்க பேரை எடுக்க ஃபாரம் 7. முன்னாடி ஜனவரி 1க்குள்ள 18 ஆகியிருக்கணும், இப்ப ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர்னு வருஷத்துக்கு நாலு தேதி இருக்கு, 17 முடிஞ்ச பசங்க முன்கூட்டியே கொடுத்து வெக்கலாம்.

பஞ்சாயத்து தேர்தல்ல போட்டேனே, சட்டசபைக்குப் போனா பேரே இல்லங்கறாங்க, இது என்ன அநியாயம்?

ரெண்டும் வேற வேற லிஸ்ட். பஞ்சாயத்து, பிளாக், ஜில்லா தேர்தலை நடத்தறது மாநிலத் தேர்தல் கமிஷன், அவங்க தனியா ஒரு லிஸ்ட் வெச்சிருக்காங்க. சட்டசபையும் பார்லிமெண்டும் இந்தியத் தேர்தல் கமிஷன், அதுக்கு வேற லிஸ்ட். 2025 டிசம்பர்ல உள்ளாட்சிக்கு ஓட்டு போட்டதால மத்ததுலயும் பேரு இருக்கும்னு அர்த்தம் இல்ல. ரெண்டையும் தனித்தனியா பாத்துக்கோங்க.

எனக்குப் பொள்ளாச்சியில அப்பா வீட்டுலயும் ஓட்டு இருக்கு, கல்யாணமாகி வந்த இங்கயும் இருக்கு. ரெண்டு பக்கமும் போட்டா என்ன தப்பு?

தப்புதாங்க, அது சட்டப்படி குத்தம். ஒருத்தருக்கு ஒரு தொகுதியிலதான் பேரு இருக்கணும்னு 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்லுது, தெரிஞ்சே பொய்யா எழுதிக் கொடுத்தா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. நம்ம பக்கம் கோபாலபுரம், நடுப்புணி, வேலந்தாவளம்னு செக்போஸ்ட் தாண்டினா மாமனார் வீடு, இந்தப் பக்கம் தோட்டம்னு இருக்கறதால இது யாருக்கும் தப்பாவே தெரியறதில்ல. மூணாறு எஸ்டேட் பக்கமும் இதே கதைதான், தேனியில ஒரு வீடு, லயத்துல ஒரு வீடு.

இதுல அடி வாங்கறது நம்மதான். "தமிழங்க எல்லாருக்கும் ரெண்டு ஓட்டு"ன்னு ஒரு பேச்சு கிளம்பினா, நெசமா இங்கயே பொறந்து வளந்தவங்க பேரையும் சந்தேகப்பட்டு ஆட்சேபணை கொடுப்பாங்க. எங்க குடியிருக்கீங்களோ அங்க மட்டும் வெச்சுக்கோங்க. ஃபாரம் 8 கொடுத்தா மாநிலம் விட்டு மாநிலம் மாத்திக்கலாம், பழையதை அவங்களே எடுப்பாங்க, எடுத்துட்டாங்களான்னு நீங்களும் ஒருக்கா பாத்துருங்க.

கோயமுத்தூர்ல கம்பெனி வேலை. அவங்களுக்கு அன்னைக்கு தேர்தல் இல்ல, எனக்கு எப்படி லீவு தருவாங்க?

தந்தாகணும், சம்பளத்தோட. 1951 சட்டத்துல 135பி பிரிவு அதைத்தான் சொல்லுது, வேலை எங்கங்கறது முக்கியமில்ல, ஓட்டு இருக்கற தொகுதியில அன்னைக்கு ஓட்டுப்பதிவான்னுதான் பாக்கணும். தினக்கூலிக்கும் இது உண்டு. 2024ல தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, நமக்கு ஏப்ரல் 26. அந்த 26ஆம் தேதி நம்மாளுங்க நிறையப்பேரு மில்லுக்குப் போயிட்டாங்க, கேக்கலாம்னே தெரியாது. ஒரு வாரம் முன்னாடியே எழுதிக் கொடுங்க, கூட லிஸ்ட்ல உங்க பேரு இருக்கற பக்கத்தை பிரிண்ட் எடுத்து வையுங்க. மீறினா முதலாளிக்கு அபராதம் 500 ரூபா வரைக்கும்தான், அது ரொம்பக் கம்மி, மாத்த வேண்டிய விஷயம்.

எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாதுங்க, மெஷின்ல யாருன்னு எப்படிக் கண்டுபிடிப்பேன்?

தமிழ் சிறுபான்மையா இருக்கற பகுதியில பேரு தமிழ்லயும் அச்சடிப்பாங்க, சின்னம் இருக்கும், சட்டசபை பார்லிமெண்ட்டுக்கு வேட்பாளர் போட்டோவும் இருக்கும். உங்க பூத்துல தமிழ் இல்லைன்னா அதை ஒரு புகாரா எழுதிக் கொடுங்க, சும்மா வந்துராதீங்க.

பஞ்சாயத்து தேர்தல்லதான் நிறையப்பேரு தடுமாறறாங்க. அங்க மூணு ஓட்டு: வெள்ளை கிராம பஞ்சாயத்து, பிங்க் பிளாக், நீலம் ஜில்லா. மூணும் அமுக்கினாத்தான் முடியும். ஒண்ணு ரெண்டு வேண்டாம்னா கடைசியில 'எண்ட்' பட்டனை அமுக்கணும். அதை அமுக்காம வெளிய வந்தா மெஷின் அப்படியே நிக்கும், ஆபீசர் கூப்புடுவாரு, எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க, அதுக்கு பயந்தே வயசானவங்க சில பேரு வர்றதில்ல. வீட்டுல இருக்கற பசங்க ஒருக்கா சொல்லிக் கொடுத்தா போதும்.

போனா என் ஓட்டை வேற யாரோ போட்டுட்டாங்கன்னு சொல்லிட்டாங்க. திரும்பி வந்துட்டேன்.

திரும்பி வரக்கூடாது. நீங்க யாருன்னு அடையாளம் காட்டிட்டு தலைமை ஆபீசர்கிட்ட 'டெண்டர் ஓட்டு' வேணும்னு கேளுங்க. பேப்பர்ல போட்டு தனியா கவர்ல வெப்பாங்க. சாதாரணமா அதை எண்ண மாட்டாங்க, கேஸ் கோர்ட்டுக்குப் போனா அந்தக் கவர் பேசும். வித்தியாசம் 38, 43ன்னு வர்ற ஊர்ல அதுக்கு என்ன மதிப்புன்னு மேல பாத்தீங்கல்ல. கள்ள ஓட்டு விழுந்துச்சுங்கறதுக்கு எழுத்துல ஒரு ரெக்கார்டும் ஆகும்.

எதை அமுக்கினாலும் ஒரே கட்சிக்குத்தான் போகுதாமே?

சந்தேகப்படறது தப்பில்ல. நாட்டுலயே முதல் தடவையா மெஷின் வெச்சது நம்ம கேரளாவுலதான், 1982ல பரவூர் தொகுதியில 50 பூத்துல. அதை எதிர்த்து கேஸ் போட்டாங்க, மெஷினுக்கு சட்டத்துல இடமில்லைன்னு 1984ல சுப்ரீம் கோர்ட் அந்தப் பூத்துகளுக்கு மறுபடி பேப்பர்ல நடத்தச் சொல்லுச்சு, முடிவே மாறிப்போச்சு. அப்பறம் 1988ல சட்டத்தைத் திருத்தினாங்க. கேள்வி கேட்டவங்களாலதான் இந்த முறையே ஒழுங்காச்சு.

இப்ப நீங்க செய்ய வேண்டியது, அமுக்கினதும் பக்கத்துல ஸ்லிப் அடிக்கற விவிபாட் மெஷினோட கண்ணாடியைப் பாக்கணும். 7 செகண்ட் ஸ்லிப் தெரியும், பேரும் சின்னமும் சரியான்னு பாருங்க. நம்மாளுங்க பத்துக்கு எட்டுப்பேரு அதைப் பாக்கறதே இல்ல, வேகமா வெளிய வந்துடறாங்க. மாறி வந்தா அங்கயே சொல்லுங்க, எழுதி வாங்கிட்டு எல்லாரு முன்னாடியும் டெஸ்ட் ஓட்டு போடச் சொல்லுவாங்க. பொய்ப்புகார்னு ஆனா கேஸ் வரும், அதனால நெசமா பாத்தா மட்டும் சொல்லுங்க. எண்ணும்போது ஒரு சட்டசபைத் தொகுதிக்கு 5 பூத் ஸ்லிப்பை எண்ணி மெஷினோட ஒத்துப் பாக்கறாங்க. எனக்கு இன்னும் கூட எண்ணணும்னு ஆசைதான், ஆனா எல்லா ஸ்லிப்பையும் எண்ணணும்ங்கற மனுவை 2024 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி பண்ணிடுச்சு. பஞ்சாயத்து தேர்தல்ல விவிபாட் இல்லைங்கறதையும் தெரிஞ்சுக்கோங்க.

நான் யாருக்குப் போட்டேன்னு வார்டு மெம்பருக்குத் தெரிஞ்சுருமாமே, லைஃப்னு கேரள அரசு கட்டித்தர்ற வீட்டு லிஸ்ட்ல பேரை வெட்டிருவாங்களா?

தெரியாது. முதல் பதில்ல சொன்னதுதான், பூத் கணக்கு தெரியும், ஆள் கணக்கு தெரியாது. "நீ யாருக்குப் போட்டேன்னு பாத்துட்டேன்"னு மிரட்டறவன் பொய் சொல்றான், அப்படி மிரட்டறதே குத்தம். ஆனா இருநூறு முந்நூறு ஓட்டு விழற சின்ன பூத்துல ஒரு தெருவே ஒரு பக்கம் சாஞ்சா யூகிக்க முடியும்ங்கறதை நான் மறைக்க மாட்டேன், அதனாலதான் சில இடத்துல இந்த பயம் போகவே மாட்டேங்குது. வீட்டு லிஸ்ட் கிராமசபையில வெச்சு ஒப்புதல் வாங்க வேண்டியது, மெம்பர் தனியா உக்காந்து வெட்ட முடியாது. அந்தக் கூட்டத்துக்கு நீங்க போயிருக்கணும், அவ்வளவுதான்.

அவங்க காசு கொடுத்தா வாங்கிட்டு நமக்குப் பிடிச்சவங்களுக்குப் போட்டுட்டாப் போச்சு, நம்ம காசுதானே அது?

இதை என்கிட்ட கேக்காத ஆளே இல்ல. சட்டம் முதல்ல: கொடுக்கறதும் வாங்கறதும் ரெண்டும் குத்தம், பாரதிய நியாய சன்ஹிதா 170, 173 பிரிவு, ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். தமிழ்நாட்டுல 2017ல ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையும் 2019ல வேலூர் பார்லிமெண்ட் தேர்தலையும் பணப் பட்டுவாடாவாலேயே ரத்து பண்ணினாங்க.

இப்ப கணக்கைப் பாருங்க. கிராம பஞ்சாயத்து வார்டுக்கு ஒரு வேட்பாளர் செலவு பண்ணலாம்ங்கற வரம்பே 25,000 ரூபா. வார்டுல 600 பேருக்கு ஆளுக்கு 500 கொடுத்தா 3 லட்சம். அந்த 3 லட்சத்தை அவரு எங்கிருந்து எடுப்பாரு? நம்ம கால்வாய் வேலையில, நம்ம தெருவிளக்குல, நம்ம ரோட்டு ஜல்லியில. காசு வாங்கின வீட்டுக்காரங்க அப்பறம் ரோடு சரியில்லைன்னு கேக்கப் போனா "உனக்குத்தான் கொடுத்தாச்சே"ம்பாங்க, அந்த ஒரு பேச்சுக்கு நம்மகிட்ட பதில் இருக்காது. அதுதான் நெசமான நஷ்டம். சட்டசபை, பார்லிமெண்ட் தேர்தல்ல கொடுக்கறதைப் பாத்தா தேர்தல் கமிஷனோட சி-விஜில்ல போட்டோவோ வீடியோவோ போடுங்க, பேரு சொல்லாமயும் போடலாம், 100 நிமிஷத்துல நடவடிக்கைன்னு வெச்சிருக்காங்க.

எல்லாரும் ஒரே மாதிரிதான், யாரை நம்பிப் போடறது?

ஒரே மாதிரியான்னு பாத்தீங்களா? பாக்க வழி இருக்கு. 2002ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்ததுக்கு அப்பறம் வேட்பாளர் ஒவ்வொருத்தரும் தன்மேல இருக்கற கிரிமினல் கேஸ், சொத்து, கடன், படிப்பு எல்லாம் பிரமாணப் பத்திரத்துல எழுதித்தான் ஆகணும். தேர்தல் கமிஷனோட ஆப்ல வேட்பாளரைப் பத்தித் தெரிஞ்சுக்கற கேஒய்சி பகுதியில அது அப்படியே கிடைக்கும். கேஸ் இருக்கறவங்க பேப்பர்லயும் டிவியிலயும் மூணு தடவை விளம்பரம் கொடுக்கணும்னு 2018லயும், கேஸ் இல்லாத ஆளை விட்டுட்டு ஏன் இவரை நிறுத்தினோம்னு கட்சி காரணம் சொல்லணும்னு 2020லயும் கோர்ட் சொல்லிருக்கு. போன தடவை பத்திரத்தையும் இந்தத் தடவை பத்திரத்தையும் பக்கத்துல வெச்சு சொத்து எவ்வளவு ஏறியிருக்குன்னு பாருங்க, அரை மணி நேர வேலை.

அதைவிட முக்கியமா எனக்குப் படறது, யாரு எந்த வாக்குறுதி கொடுக்கறாங்க, அது அவங்க கையில இருக்கற காரியமான்னு பிரிச்சுப் பாக்கறது. நம்ம பிளாச்சிமடையையே எடுத்துக்கோங்க. 2002ல நிலத்தடித் தண்ணி போகுதுன்னு மயிலம்மா மாதிரி ஆதிவாசிப் பெண்கள் கொக்கக்கோலா கம்பெனி வாசல்ல உக்காந்தாங்க. 2003ல பெருமாட்டி பஞ்சாயத்து லைசன்ஸைப் புதுப்பிக்க மாட்டேன்னுச்சு, 2004 மார்ச்ல கம்பெனி நின்னுச்சு. சின்ன பஞ்சாயத்து, தன் கையில இருந்த அதிகாரத்தை வெச்சு செஞ்சு காட்டுச்சு. அப்பறம் 216 கோடி ரூபா நஷ்டம்னு கமிட்டி சொல்லி, 2011ல சட்டசபை நஷ்டஈட்டுக்கு மசோதா நிறைவேத்தி, அது ஜனாதிபதி ஒப்புதல் கிடைக்காம நின்னே போச்சு. "அரசியல்வாதி ஏமாத்திட்டான்"னு ஒரே வார்த்தையில சொன்னா யாரு செஞ்சாங்க, எங்க நின்னுச்சுன்னு ரெண்டுமே மறஞ்சு போயிரும்.

ஆழியார் தண்ணியும் அப்படித்தான். 1970 பரம்பிக்குளம் ஆழியார் ஒப்பந்தப்படி மணக்கடவு அணையில சித்தூருக்கு வருஷம் 7.25 டிஎம்சி. 30 வருஷத்துக்கு ஒருக்கா மறுபரிசீலனை பண்ணணும்னும் அதுல இருக்கு. அது ரெண்டு மாநில அரசு பேசித் தீக்க வேண்டியது. வார்டு மெம்பர் வேட்பாளர் "நான் ஜெயிச்சா ஆழியார் தண்ணி கொண்டு வருவேன்"னா நம்பாதீங்க. அவரால முடியறது வாய்க்கால் தூர் வாரறது. அதைக் கேளுங்க, தேதி போட்டுக் கேளுங்க. எம்எல்ஏ வேட்பாளரா இருந்தா மறுபரிசீலனையைப் பத்தி சட்டசபையில கேள்வி கேப்பீங்களான்னு கேளுங்க, கேட்டாரா இல்லையான்னு அப்பறம் சபைக் குறிப்புல பாத்துக்கலாம்.

அப்ப நோட்டா போட்டுட்டு வந்துடறேன்.

போடலாம், 2013 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புல வந்த உரிமை அது. ஆனா சட்டசபை, பார்லிமெண்ட்ல நோட்டாவுக்கே அதிக ஓட்டு வந்தாலும் அடுத்து நிக்கற வேட்பாளர் ஜெயிச்சதாத்தான் கணக்கு. கேரளா பஞ்சாயத்து தேர்தல்ல நோட்டாவே கிடையாது, மேல சொன்ன எண்ட் பட்டன்தான். வீட்டுல உக்காந்துக்கறதை விட நோட்டா மேல், ஏன்னா கோவத்தைக் கணக்குல ஏத்தறீங்க. யாருமே பிடிக்கலைன்னு பத்திரமெல்லாம் பாத்து முடிவு பண்ணினா போடுங்க, பாக்காம போட்டா அதுல பிரயோஜனம் கம்மி.

ஊரே சேந்து ஓட்டைப் புறக்கணிச்சா வழிக்கு வருவாங்கல்ல?

ரெண்டு நாள் கலெக்டர் வருவாரு, தாசில்தார் வருவாரு, டிவி வரும். அது நெசம். ரோடு இல்லாத ஆதிவாசி ஊருக்காரங்க வேற வழியில்லாம அதைச் செய்யறப்ப நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா உங்க பூத்துல பூஜ்யம் விழுந்தாலும் தொகுதி முடிவு வந்துரும், அப்பறம் அஞ்சு வருஷத்துக்கு உங்களுக்குக் கடன்பட்டவங்கன்னு ஒருத்தரும் இருக்க மாட்டாங்க.

மூணாறுல 2015ல நடந்ததைப் பாருங்க. தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டு ரோட்டை மறிச்சாங்க, யூனியன் தலைவருங்களையும் அரசியல்காரங்களையும் கிட்ட வர விடல, பெண்பிளை ஒருமைன்னு பேரு. அவங்களுக்கு இருந்த அவநம்பிக்கை நம்ம யாருக்கும் இருந்திருக்காது. ஆனா அவங்க ஓட்டைப் புறக்கணிக்கல, அந்த வருஷமே வந்த உள்ளாட்சித் தேர்தல்ல தாங்களே நின்னாங்க, சில பேரு ஜெயிச்சாங்க. அப்பறம் அவங்களுக்குள்ள பிரிவு வந்ததும் நடந்ததுதான், அதனால அந்த வழி தப்புன்னு ஆகாது.

ஜெயிச்சதும் கண்ணுலயே படறதில்ல. திருப்பி அழைக்க முடியாதுங்களா?

எம்எல்ஏ, எம்பியைத் திருப்பி அழைக்க நம்ம நாட்டுல சட்டம் இல்ல. ரெண்டு வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை ஆனா உடனே பதவி போகும்னு 2013ல கோர்ட் சொன்னது இருக்கு, ஆனா அது ஊர்ப்பக்கம் வராததுக்கு உதவாது.

கேரளாவுல உங்க கையில இருக்கறது கிராமசபை. தமிழ்நாட்டுல பஞ்சாயத்து முழுசுக்கும் ஒண்ணு, குடியரசு தினம், மே தினம் மாதிரி நாள்ல கூடும். இங்க வார்டு வார்டா, மூணு மாசத்துக்கு ஒருக்கா கூட்டணும், கூட்டறவரே வார்டு மெம்பர்தான். தொடர்ந்து ரெண்டு தடவை கூட்டாம விட்டா பதவி போறதுக்கே பஞ்சாயத்துராஜ் சட்டத்துல இடம் இருக்கு. பத்துல ஒரு பங்கு ஓட்டர் வரணும். அந்த ஆள் சேராம கூட்டம் தள்ளிப் போறதை நான் நிறையப் பாத்திருக்கேன், அப்படித் தள்ளிப் போற வார்டுலதான் "மெம்பரைக் காணோம்"ங்கற பேச்சும் அதிகம்.

கிராமசபைக்குப் போனா அவங்க ஆளுங்கதான் முன்னாடி உக்காந்திருக்காங்க, நாங்க தமிழ்ல பேசறதை மினிட்ஸ்ல எழுதறதே இல்ல. அப்பறம் எதுக்குப் போகணும்?

இது நியாயமான கோவம். பேசிட்டு வந்தா காத்துல போயிரும். எழுதிட்டுப் போங்க, ரெண்டு காப்பி, ஒண்ணைக் கொடுத்துட்டு இன்னொண்ணுல கையெழுத்து, சீல் வாங்குங்க. தமிழ்லயே எழுதலாம். தமிழ், கன்னடம் பேசற சிறுபான்மைப் பகுதியில அரசு ஆபீசுக்கு அவங்கவங்க மொழியில எழுதலாம், பதிலும் அதே மொழியில வாங்கலாம்னு 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டத்துலயே இருக்கு. "மலையாளத்துல எழுதிட்டு வா"ன்னு யாராவது திருப்பி அனுப்பினா அந்தச் சட்டத்தைச் சொல்லுங்க.

அடுத்த கூட்டத்துல போன கூட்டத்து மினிட்ஸைப் படிக்கச் சொல்லுங்க. உங்க விஷயம் அதுல இல்லைன்னா தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கட்டி மினிட்ஸ் நகல் கேளுங்க, 30 நாள்ல தரணும். அதுக்கும் மேல முறைகேடுன்னா உள்ளாட்சிகளுக்குன்னே கேரளாவுல புகார் விசாரிக்கற ஓம்புட்ஸ்மன் இருக்கு, அங்க போகலாம். தனியாப் போகாம பத்துப்பேரா போங்க, குடும்பஸ்ரீ மகளிர் குழு அக்காங்களைக் கூட்டிட்டுப் போங்க, அவங்க பேசினா கூட்டம் கேக்கும்.

ஒரு கட்சியில ஜெயிச்சுட்டு அடுத்ததுக்குத் தாவிட்டா என் ஓட்டு என்னாச்சு?

எம்எல்ஏவா இருந்தா கட்சித் தாவலைத் தடுக்க அரசியல் சட்டத்துல பத்தாவது அட்டவணை இருக்கு, 1985ல வந்தது. தகுதி நீக்கம் பண்ண வேண்டியது சபாநாயகர், அவரும் ஒரு கட்சிக்காரர்தான், அதனால வருஷக்கணக்கா இழுத்தடிச்ச கேஸெல்லாம் நாட்டுல உண்டு. நம்பிக்கை போறதுக்கு இது பெரிய காரணம்னு நான் நினைக்கறேன். ஆனா பஞ்சாயத்து மெம்பருக்கு கேரளாவுல 1999ல தனிச் சட்டம் வந்துச்சு, அதுல முடிவெடுக்கறது மாநிலத் தேர்தல் கமிஷன், கட்சிக்காரங்க இல்ல. தாவினது உறுதியாச்சுன்னா பதவியும் போகும், ஆறு வருஷம் நிக்கவும் முடியாது. எம்எல்ஏவுக்கும் இதே மாதிரி தனி அமைப்பு வேணும்னு ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்ட கேளுங்க.

நான் புதுசா ஜெயிச்ச வார்டு மெம்பருங்க. நான் நல்லா செய்யணும்னுதான் வந்தேன், ஆனா யாருமே நம்ப மாட்டேங்கறாங்க, என்ன பண்றது?

இந்தக் கேள்வி வந்தப்ப எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. கிராமசபையைக் காலையில பத்து மணிக்கு வெக்காதீங்க, தோட்ட வேலைக்கும் தொழிலுறப்புக்கும் போறவங்க எப்படி வருவாங்க, ஞாயித்துக்கிழமையோ சாயந்திரமோ வையுங்க. அறிவிப்பைத் தமிழ்லயும் எழுதுங்க. முடியாததை முடியாதுன்னு அன்னைக்கே சொல்லிருங்க, "பாக்கலாம்"னு சொல்லி மூணு மாசம் அலைய விட்டாத்தான் அடுத்த தடவை நீங்க சொல்ற நெசத்தையும் நம்ப மாட்டாங்க.

மூணு மாசத்துக்கு ஒருக்கா ரேஷன் கடைச் செவுத்துல ஒரு பேப்பர் ஒட்டுங்க: வார்டுக்கு வந்த பணம் எவ்வளவு, எந்த வேலைக்கு எவ்வளவு, காண்ட்ராக்ட் யாரு, முடிஞ்சதா இல்லையா. நின்னுபோன வேலையையும் விடாம எழுதுங்க, எந்த ஆபீஸ்ல எந்தத் தேதியில இருந்து ஃபைல் கிடக்குதுன்னு சேத்து எழுதுங்க. அப்ப ஜனங்க உங்களைத் திட்டறதை விட்டுட்டு உங்களோட சேந்து அந்த ஆபீசுக்கு வருவாங்க.